நிலவுலகின் நீர்: ஏதுவோ எடுத்துக்காட்டோ?

நாம் வாழும் இந்நிலவுலகின்கண் நீர் எங்ஙனம் வந்தது என்னும் வினா, முதலிற் கேட்பார்க்கு எளியதொன்றாகவே தோன்றும். மழையால் வந்தது எனின், அம்மழை கடலினின்று எழுந்தது. கடல் எங்கிருந்து வந்தது எனின், விடை கூறுதல் அரிதாம். வான நூலாரும் நில நூலாரும் இதனைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்தம் முடிபுகள் நம் சைவ மக்களிடையே வந்து வழங்குங்கால், மூவகை எண்ணங்கள் எழக் காண்கின்றேம். ஒரு சாரார், ‘நீர் இரு வாயுக்களின் சேர்க்கை என்பதும், அது விண்ணினின்று வீழ்ந்த கற்களால் வந்தது என்பதும் தெளிந்தமையின், ஐம்பூதங் கூறுந் தத்துவ நூல் பயனிலதாயிற்று’ என்பர். மற்றொரு சாரார், ‘நீர் விண்ணினின்று வந்தமையை நம் முன்னோர் ஆகாய கங்கை என அன்றே கூறினர், பிறர் இன்று கண்டது நம் பழம்பொருளே’ எனக் களிப்பர். வேறொரு சாரார், ‘நீர் வந்த வழி இன்னும் முற்றத் துணியப்பட்டிலது, ஆகலின் அதனை இறைவன் செயல் என்று கூறி அமைதலே சால்புடைத்து’ என்பர். இம்மூவர் கூற்றும் தம்முள் மாறுபட்டனவாகத் தோன்றினும், ஒரே வழுவினின்று பிறந்தனவாம். அவ்வழு யாது என்பதனையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றேம்.

முதற்கண் ஆராய்ச்சியாளர் கண்ட செய்திகளை உள்ளவாறு அறிதல் வேண்டும். அறியாது மறுத்தலும் அறியாது புகழ்தலும் கற்றார்க்குத் தகுவன அல்ல.

நிலவுலகின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்ப. அதன் மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடலாற் சூழப்பட்டுள்ளது. இப்பரப்பு நோக்கி நிலவுலகம் நீராலாயது போலும் என்று கருதுவார் உளர். அஃது அன்று. கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். நிலவுலகின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். எடையாற் கொள்ளின், கடல்நீர் முழுதும் நிலவுலகின் எடையில் நாலாயிரத்தில் ஒரு பங்கினுங் குறைந்தது. ஆகவே, நீர் இதற்கு உடம்பன்று. மேலே பூசிய மெல்லிய பூச்சே என்னலாம். இச்சிறு பங்குதானும் வந்தவாறு யாங்ஙனம் என்பதே வினா.

வினா அரிதாதற்குக் காரணங் கூறுவாம். ஞாயிறும் கோள்களும் தோன்றுதற்கு முன், வாயுவும் தூசியும் நிறைந்ததொரு தட்டு ஞாயிறு உருவாகுமிடத்தைச் சூழ்ந்து சுழன்றது. அதனுள் ஞாயிற்றுக்கு அணித்தாய பகுதி மிக்க வெம்மையுடையது. ஆண்டு நீர் உறையாது ஆவியாய் அலையும். சேய்மைக்கண்ணதாய பகுதியில் அது பனியாய் உறைந்து தூசியோடு ஒட்டும். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட எல்லையை வான நூலார் பனிக்கோடு என்பர். நிலவுலகம் பனிக்கோட்டிற்கு உள்ளே, வறண்ட தூசியினின்று திரண்டது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. வறண்ட பொருளினின்று திரண்ட உலகத்தில் கடல் எங்ஙனம் வந்தது? புறத்திருந்து வந்திருத்தல் வேண்டும். அன்றேல், வறண்டது என்று எண்ணியது பொருந்தாதாதல் வேண்டும். விடைகள் யாவும் இவ்விரு வழியுள் அடங்கும்.

இவற்றுள் எது மெய் என்று துணிதற்கு அவர்கள் கொண்ட அடையாளம் ஒன்று உண்டு. நீர் என்பது நீரகம் எனப்படும் ஹைட்ரஜனும் உயிரகம் எனப்படும் ஆக்சிஜனும் கூடிய பொருள். நீரகத்துள்ளே எடை மிக்கதொரு வகை உண்டென்பதை 1931ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹாரல்ட் யூரி என்பார் கண்டு, அதன்பொருட்டு 1934இல் நோபல் பரிசும் பெற்றார். அதனைக் கனநீரகம் என வழங்குவாம். கடல்நீரில் பத்து இலட்சம் நீரக அணுக்களை எடுத்தெண்ணின், அவற்றுள் ஏறத்தாழ 156 கனநீரக அணுக்களாம். குளிர் மிக்க இடத்தில் உறைந்த நீரிற் கனநீரகம் மிகுந்தும், ஏனையிடத்துக் குறைந்தும் இருத்தல் இயல்பு. எனவே, ஒரு நீரின் பிறப்பிடத்தை அறிதற்கு இவ்விகிதம் ஓர் ஏதுவாகக் கொள்ளப்பட்டது. மலைமேற் புகையைக் கண்டு தீயை உணர்தல் போல்வதோர் அனுமானம் இது.

இவ்வேதுவால் நிகழ்ந்த வழக்கினை முறையே காண்பாம். முதலில் ஐயுறப்பட்டன வால்வெள்ளிகள். அவை பனி மிக்கன ஆகலின். 1986இல் ஹேலி வால்வெள்ளியை அணுகிய ஜியோட்டோ என்னும் விண்கலம், அதன் நீரிற் கனநீரகம் நம் கடல்நீரினும் ஏறத்தாழ இருமடங்கு உண்டு எனக் காட்டிற்று, வால்வெள்ளிகள் விலக்கப்பட்டன. 2011இல் ஹார்ட்லி என்னும் பெயரிய மற்றொரு வால்வெள்ளியின் நீர் நம் கடல்நீரை ஒத்தது என்று ஹெர்ஷல் என்னும் விண்தொலைநோக்கியாற் புலப்பட்டது. வால்வெள்ளிகள் மீண்டும் ஏற்கப்பட்டன. 2014இல் ரோசெட்டா விண்கலம் வேறொரு வால்வெள்ளியைச் சேர்ந்து அளந்தபோது, மும்மடங்கின் மேற்பட்ட விகிதம் கிடைத்தது, பின்னும் விலக்கப்பட்டன. 2024இல் அதே விண்கலத்தின் அளவுகளை மீள நோக்கினார், அதனைச் சூழ்ந்த தூசியால் அவ்வளவு மிகையாகத் தோன்றியது என்றும், தூசி அருகிய இடத்து அளந்தவை நம் கடல்நீரை அணுகுகின்றன என்றும் உரைத்தனர். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு வழக்கு நான்கு முறை திரும்பியது.

இரண்டாவதாகக் கருதப்பட்டவை கரிப்பொருள் மிக்க விண்கற்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுழலும் சிறுகோள்களினின்று உடைந்து வீழ்வன இவை. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இங்கிலாந்தில் வின்ச்கம் என்னும் ஊரில் வீழ்ந்த கல் இவ்வினத்தது. வீழ்ந்த சில மணி நேரத்துள் அதன் பகுதிகள் எடுக்கப்பட்டமையின், மழைநீர் படியாத தூய்மை அதற்கு உண்டு. அதன் எடையில் நூற்றுக்குப் பதினொரு பங்கு அளவில் நீர், கனிமங்களுட் கட்டுண்டு இருந்தது. அந்நீரின் விகிதமும் நம் கடல்நீரை ஒத்திருந்தது.

மூன்றாவது வழி, நீர் புறத்திருந்து வரவில்லை, உள்ளிருந்தே வந்தது என்பது. என்ஸ்டடைட்டு என்னும் கனிமம் மிக்க விண்கற்கள் சில உள. நிலவுலகம் எப்பொருளினின்று திரண்டதோ அப்பொருளோடு மிக ஒத்தவை இவை என்பதற்குப் பிற அடையாளங்களும் உண்டு. இவை வறண்டவை என்றே கருதப்பட்டு வந்தன. 2020இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் இவற்றை நுணுகி அளந்து, இவ்வினக் கற்களாலேயே நிலவுலகம் ஆயிருப்பின், இன்றுள்ள கடலைப்போல் மூன்று கடல்களுக்கேனும் போதிய நீரகம் அதற்கு வாய்த்திருக்கும் என்றனர். நான்காவது, இளைய உலகை நீரகக் காற்றுப் போர்த்திருந்தது என்றும், அஃது உருகிய பாறைக்குழம்பிலுள்ள உயிரகத்தோடு கூடி நீராயிற்று என்றும் கூறுவது. உலகினுள்ளே இன்றும் நீர் உண்டென்பதற்குச் சான்றும் கிடைத்துளது. பிரேசில் நாட்டிற் கிடைத்த வைரமொன்றனுள் சிறைப்பட்டிருந்த ரிங்வுடைட்டு என்னும் கனிமத்துணுக்கு, தன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு நீரை உட்கொண்டிருந்தது என 2014இல் வெளியிடப்பட்டது. நிலத்தின்கீழ் 410 முதல் 660 கிலோமீட்டர் வரையுள்ள இடைமண்டலத்துக்கு உரியது அக்கனிமம். அந்நீர் கடலைப்போல் அலையும் நீரன்று. கல்லின் கட்டமைப்பினுட் கரந்து நிற்பது.

இவற்றுள் ஒன்றே மெய்யென்று துணிதல் ஏன் அரிதாயிற்று? கரிப்பொருள் விண்கல்லும் என்ஸ்டடைட்டு விண்கல்லும் ஒப்ப நம் நீரின் விகிதத்தை அணுகி நிற்கின்றன. புறத்திருந்து வந்தது என்னும் பக்கத்தும் உள்ளிருந்தே வந்தது என்னும் பக்கத்தும் ஒருங்கு செல்லும் ஏது, இரண்டனுள் ஒன்றைத் துணியமாட்டாது. தருக்க நூலார் இதனை அநைகாந்திகம் என்பர். இது பற்றியே ஆராய்ச்சியாளர் கனநீரகம் ஒன்றனையே பற்றி நில்லாது, வேறு மூலகங்களின் அடையாளங்களையும் கூட்டி ஆராய்கின்றனர். நீர் பல வழியானும் வந்திருத்தல் கூடும் என்பாரும் அவருட் பலர். தம் ஏதுவின் குறைபாட்டைத் தாமே கண்டு கூறும் இவ்வொழுக்கம் போற்றற்பாலது.

இனி, இச்செய்திகள் தத்துவ ஆராய்ச்சிக்கு யாங்ஙனம் இயைபுடையன என்பது காண்பாம்.

தோற்றம் என்னும் சொல்லை முதலில் நோக்குக. மேற்காட்டிய நான்கு கொள்கையுள் எதுவும், நீர் ஒன்றுமில்லாமையினின்று உண்டாயிற்று எனக் கூறவில்லை. வால்வெள்ளியிற் பனியாய் இருந்தது; கல்லிற் கட்டுண்டு இருந்தது; நீரகமாயும் உயிரகமாயும் பிரிந்திருந்தது என்றே கூறுகின்றன. பின்னும் மேலே சென்று வினவின், அப்பனி கோள்களைத் தோற்றிய தட்டிற்கு எங்கிருந்து வந்தது என வினா எழும். ஓரியன் என்னும் விண்மீன் கூட்டத்தின் திசையில், இப்பொழுது உருவாகிக்கொண்டிருக்கும் இளஞாயிறு ஒன்றனைச் சூழ்ந்த தட்டில் நீராவி உண்டென்பதும், அதன் விகிதம் அத்தட்டுத் தோன்றுதற்கு முற்பட்ட முகிலின் நீரை ஒத்தது என்பதும் 2023இல் வெளியாயின. எனவே, நாம் பருகும் நீரில் ஒரு பங்கு ஞாயிற்றினும் மூத்தது என்பது பொருந்துவதாயிற்று. அம்முகிலின் நீரும் நீரகத்தாலும் உயிரகத்தாலும் ஆயது. நீரகம் உலகின் மிகப் பழைய காலத்தது. உயிரகம் விண்மீன்களின் வயிற்றில் வெந்து உண்டானது. தோற்றம் எனப்பட்டதெல்லாம் ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குப் பெயர்தலே என்பது இத்தொடரிற் புலனாதல் காண்க. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்னும் சற்காரிய வாதத்தோடு இஃது இயைந்து நிற்கின்றது.

அற்றேல், நீரகம் எரியும் இயல்பிற்று. உயிரகம் எரிதற்குத் துணை செய்வது. இரண்டுங் கூடிய நீரோ தீயை அவிப்பது. காரணத்திற் சிறிதும் இல்லாத குணம் காரியத்தில் எழுந்ததன்றோ? ஆகவே இல்லது தோன்றிற்று எனலே தகும் என்று அசற்காரிய வாதி தடை நிகழ்த்துவான். இத்தடை வலியது, எளிதிற் புறக்கணிக்கற்பாலதன்று. இதற்கு விடை கூறுதும். இல்லதே தோன்றுமாயின், எவ்விரு வாயுவைக் கூட்டினும் நீர் தோன்றுதல் வேண்டும். அங்ஙனமின்றி, நீரகமும் உயிரகமும் கூடியவிடத்தே, எடையால் ஒன்றுக்கு எட்டு என்னும் அளவிலே நீர் ஆகின்றது. அளவின் மிக்கது கூடாது எஞ்சி நிற்கின்றது. எள்ளினின்று எண்ணெய் வருதலும் மணலினின்று வாராமையும் போல, நியதி ஈண்டும் உண்டு. நியதி உண்டாகவே, நீராதற்குரிய ஆற்றல் அப்பொருள்களிற் சத்தி வடிவாய் முன்னரே உண்டென்பது பெறப்படும். பின்னும், செந்தீயிற் காய்ந்த இரும்பின்மேல் நீராவியைச் செலுத்த, உயிரகம் இரும்போடு ஒட்ட நீரகம் தனித்து வெளிப்படுகின்றது. காரியம் ஒடுங்கியவழிக் காரணம் குறையாது மீள்கின்றது. தீயை அவிக்கும் குணம் வெளிப்பட்டது என்றலே அமையும். புதிதாய்ப் பிறந்தது என்றல் மிகை.

ஈண்டு ஒன்று உளங்கொளற்பாலது. இவ்விடை சற்காரியவாதத்துக்கு நீரை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டதேயன்றி, நீரின் வரலாற்றையே ஏதுவாகக் கொண்டதன்று. ஏதுவாவது நியதி, நீர் அதற்குத் திருட்டாந்தம். ஏது வீழின் மேற்கோள் வீழும். எடுத்துக்காட்டு வீழின் மற்றோர் எடுத்துக்காட்டுக் கொணரலாம். இவ்விரண்டன் வேறுபாட்டை மறந்தமையே, மேற்கூறிய மூவகையாரிடத்தும் நேர்ந்த வழுவாம். அவரவர் கூற்றை எடுத்து இதனை விளக்குதும்.

முதற்சாரார் கூற்று: நீர் சேர்க்கைப் பொருள் என்பது தெளிந்தமையின் அப்பு என்னும் பூதம் இல்லையாயிற்று என்பது. இங்கிலாந்திற் காவெண்டிஷ் என்பார் 1781 முதற் செய்து 1784இல் வெளியிட்ட சோதனையானும், பிரான்சில் லவாசியே என்பார் 1783இலும் 1785இலும் செய்த சோதனைகளானும் நீர் தனிமூலகம் அன்று என்பது நிறுவப்பட்டது. மாபாடியஞ் செய்தருளிய சிவஞான முனிவர் இறைவனடி சேர்ந்ததும் அதே 1785ஆம் ஆண்டிலாம். ஆகவே இத்தடைக்கு விடை கூறுங் கடமை அப்பெரியார்க்குப் பின்வந்தாரைச் சார்ந்தது.

விடை வருமாறு: சித்தாந்த நூல்கள் அப்புவைப் பகுக்கப்படாத முதற்பொருள் என யாண்டுங் கூறவில்லை. தத்துவம் முப்பத்தாறனுள் மேலிருந்து எண்ண, அது முப்பத்தைந்தாவது. சுவைத் தன்மாத்திரையின் காரியமாகத் தோன்றுவது. தானே காரியப்பொருள் எனக் கூறப்பட்டதனை, ‘அது காரியப்பொருளே’ எனக் காட்டி மறுத்தல் யாங்ஙனம் கூடும்? மேலும், இருவர் பகுப்பின் நோக்கமும் வேறு. இரசாயன நூலார், ஒரு பொருள் எவ்வெவற்றாய்ப் பிரியும் என நோக்கிப் பகுப்பர். தத்துவ நூலார், அஃது உயிரின் பொறிகளுக்கு எவ்வாறு விடயமாகும், எத்தொழிலாற் போகத்துக்குத் துணையாகும் என நோக்கிப் பகுப்பர். குளிர்ந்து பதஞ்செய்தலும் சுவைக்கு நிலைக்களமாதலும் பற்றியது அப்பு என்னும் வழக்கு. மிளகினை உழவர் கொடிவகை என்பர்; மருத்துவர் கார்ப்புச் சுவையும் வெப்ப வீரியமும் உடையது என்பர். ஒருவர் கூற்றால் மற்றவர் கூற்று அழியாது. இவ்வாற்றால், தத்துவ நூலை இரசாயன நூலாக எண்ணி மறுத்தார், தாம் கற்பித்த பொருளையே மறுத்தாராவர்.

இரண்டாஞ் சாரார் நம்மவர். ஆகலின் இவர் திறத்து மிக்க கண்டிப்புடன் பேசுதல் வேண்டும். விண்ணினின்று நீர் வந்தது என்பதை நம் நூல்கள் முன்னரே கூறின என்று இவர் மகிழ்கின்றனர். வால்வெள்ளிகள் 1986இல் விலக்கப்பட்டபொழுது நம் நூல்களும் விலக்கப்பட்டனவோ? 2011இல் ஏற்கப்பட்டபொழுது மீண்டும் உயிர்பெற்றனவோ? 2020இல் நீர் உள்ளிருந்தே வந்தது எனக் கூறப்பட்டபொழுது, அதற்கியையப் பாதாள கங்கையைத் தேடிச் செல்லுதல் வேண்டுமோ? ஆராய்ச்சி திரும்புந்தோறும் நூற்பொருளையும் திருப்புவார், நூலைப் போற்றுவார் போல அதனைப் பிறர்க்கு ஏவல் செய்விக்கின்றனர். காட்சியும் கருதலும் செல்லாத விடத்தைக் காட்டுதற்கே உரையளவை வேண்டப்பட்டது. உயிரின் இயல்பும், அதனைப் பிணித்த மலமும், அம்மலம் நீங்கி அடையும் பேறும் அதற்கு விடயம். கனநீரகத்தின் விகிதத்தை அளத்தற்கு விண்கலம் உண்டு. அதற்கு ஆகமத்தைச் சான்று கூற அழைத்தல், அளவைகளின் எல்லையை அறியாமையாம். கங்கையைச் சடையிற் றாங்கிய வரலாற்றின் பயன் இறைவனது தடுத்தாளும் பேரருளை உணர்த்துதல். நில நூல் கற்பித்தல் அன்று.

மூன்றாஞ் சாரார் கூற்று பணிவுடையது போலத் தோன்றும். எனினும் இதுவே மிக்க கேடுடைத்து. நீர் வந்த வழி துணியப்படாமையால் அஃது இறைவன் செயல் என்பாராயின், துணியப்பட்ட பொருள்களெல்லாம் இறைவன் செயல் அல்ல என்பது அருத்தாபத்தியாற் பெறப்படும். அறிவு வளருந்தோறும் இறைவனுக்கு இடம் சுருங்கும். இது நம் கொள்கையன்று. குடமாகிய காரியத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என மூன்று கூறுவது நம் மரபு. ஆராய்ச்சியாளர் நாடுவன முன்னைய இரண்டே. பனியோ, கல்லோ, நீரகக் காற்றோ என்பது முதற்காரண ஆராய்ச்சி. வெம்மை, ஈர்ப்பு, மோதல் என்பன துணைக்காரண ஆராய்ச்சி. இவை முற்றுந் தெளிந்த அந்நாளினும், அறிவில்லாத சடப்பொருள்கள் உயிர்கட்கு உடலும் உலகும் நுகர்ச்சியுமாய் அமைதல் யாராலே என்னும் வினா அவ்வாறே நிற்கும். மண்ணையும் திரிகையையும் முற்ற அறிந்தமையாற் குயவன் இலனாகான். மண் எவ்வூர்க் குளத்தது என்பது தெரியாமையாலும் அவன் உளனாதல் பெறப்படாது. இறைவனுண்மை தெரியாமையின்மேல் நிறுவப்படுவதன்று.

அற்றேல், நீரின் வரலாறு சித்தாந்தத்துக்குச் சிறிதும் பயன்படாது போலும் எனின், அற்றன்று. எடுத்துக்காட்டாக மிகவும் பயன்படும். சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம், உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலைக் கொண்டே அதற்கொரு முதல்வன் உண்டென்பதை அனுமான வாயிலால் நிறுவுவது. உலகம் என்றும் இவ்வாறே உளது. அதற்குத் தோற்றமும் ஒடுக்கமும் இல்லை என்பார் அதற்கு எதிர்வாதியர். அவர்க்கு விடை, பகுதிகள் தோன்றி ஒடுங்கக் காண்டலின் முழுதும் அத்தன்மைத்தாதல் வேண்டும் என்பது. பகுதிகளுள், அழியாதது போலத் தோன்றுவது கடலினும் வேறில்லை. பயிர் தோன்றி அழிதலை ஓராண்டிற் காணலாம். கடல் தோன்றியதையும் அழிவதையும் கண்டார் யார் என்று எதிர்வாதி வினவின், முன்னாளில் அவனுக்குக் காட்டத்தக்க சான்று அரிது. இக்காலத்தில் அது கிடைக்கின்றது.

கடலுக்குத் தோற்றம் உண்டு: மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் குன்றுகளிற் கிடைத்த சிர்கான் என்னும் மணிகள் 440 கோடி ஆண்டு வரை பழமையுடையன. அவற்றிலுள்ள உயிரக அடையாளம், அக்காலத்தே நிலத்தின்மேல் நீர்ம நீர் இருந்தமையைக் குறிப்பிக்கின்றது. அதற்கு முன்னர் நிலவுலகம் உருகிய குழம்பாய் இருந்த காலம் உண்டு. ஆகவே கடல் இல்லாதிருந்த காலமும் உண்டு.

கடலுக்கு நிலைபேறு பிறவற்றைச் சார்ந்தது: வெள்ளி என்னும் கோளில், கனநீரகத்தின் விகிதம் நம் கடல்நீரினும் நூறு மடங்கின் மேற்பட்டது. ஞாயிற்றின் கதிர் நீராவியைப் பிளப்ப, எளிய நீரகம் விண்ணிற் பெரிதும் தப்பியோடக் கனநீரகம் பின்தங்கியமையின் இஃது ஆயிற்று. முன்னொருகால் அங்கும் நீர் மிக்கிருந்தது என்பதற்கு இதுவே சான்று. செவ்வாயிலும் விகிதம் மிக்கு, பண்டைய ஆற்றுத் தடங்கள் வறண்டு கிடக்கின்றன. நம் உலகிலோ, மேலெழும் நீராவி வளிமண்டலத்தின் குளிர்ந்த பகுதியை எய்தியவுடன் உறைந்து மீள்கின்றது. இக்குளிர்ந்த தடை இன்றேல் நம் கடலும் நில்லாது.

கடலுக்கு ஒடுக்கமும் உண்டு: ஞாயிறு சிறிது சிறிதாக ஒளி மிகுந்து வருதலின், இன்னும் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளிற் கடல்நீர் ஆவியாய் மேலெழுந்து நீங்கும் என வான நூலார் கணித்துளர்.

இம்மூன்றானும், அழியாதது என நாட்டப்பட்ட கடலும் முத்தொழிற்படுவதே என்பது தெளிவாகின்றது. எதிர்வாதியின் வாயை அடைத்தற்கு இதனினும் சிறந்ததோர் எடுத்துக்காட்டு அரிது. எனினும் இது திருட்டாந்தமே. நாளை இவ்வெண்கள் திருத்தப்படலாம். 440 என்பது 430 ஆகலாம். 100 என்பது 150 ஆகலாம். அதனால் எடுத்துக்காட்டின் ஓர் எழுத்துத் திருந்துமேயன்றி, சூத்திரத்தின் ஏது அசைவுறாது. திருட்டாந்தத்தை ஏதுவாக்கி நின்றார்க்கோ, எண் ஒன்று திரியுந்தோறும் உள்ளம் நடுங்கும்.

அந்நடுக்கமே நம் கழகங்களிலும் மடங்களிலும் பயிலும் இளைஞர்க்குத் தீங்கு விளைப்பது. ஒரு புத்தாராய்ச்சி வெளிவந்தவுடன், அது நமக்குச் சார்பா எதிரா என்றே ஆசிரியர் நோக்குவாராயின், மாணவனும் அவ்வாறே நோக்கப் பழகுவான். சார்பாயின் ஆராயாது ஏற்பான். எதிராயின் ஆராயாது இகழ்வான். இரண்டிடத்தும் ஆராய்ச்சி ஒழிந்தது. சார்பெனக் கொண்டது ஒருநாள் மறுக்கப்பட, அவன் கொள்கையையே கைவிடுவான். அவ்விழப்புக்கு ஆராய்ச்சியாளர் காரணர் அல்லர். ஏதுவையும் எடுத்துக்காட்டையும் பிரித்துக் கற்பியாத ஆசிரியரே காரணராவர்.

ஆகலின், அளவையியலை முன்னர்க் கற்பித்து, பின்னர் இத்தகைய செய்திகளை மாணவர்முன் வைத்தல் வேண்டும். கல்லிற் கரந்த நீரையும், வால்வெள்ளியின் பனியையும், கனநீரகத்தின் விகிதத்தையும் அவர்கள் உள்ளவாறு அறிக. இவற்றுள் எது மெய்யாயினும் ஆகுக; மெய்யாவது எதுவோ அது நமக்கு மாறாகாது. காட்சியாற் காணற்பாலதனைக் காட்சியாற் கண்டு, கருதலாற் கொள்ளற்பாலதனைக் கருதலாற் கொண்டு, உரையால் உணரற்பாலதனை உரையால் உணர்தலே அளவை கற்றதன் பயன். இவ்வெல்லை காத்து நிற்பார்க்கு, நீர் எவ்வழி வந்தது எனினும் அச்சமும் இல்லை. ஆரவாரமும் இல்லை என்க.